கோடியக்கரைக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சீசன் நம்ம ஊர் குளத்துல நில்லுங்க

ஆவணி பொறந்தா போதும், எங்க கம்பெனில யாராச்சும் ஒருத்தர் டீ டைம்ல வந்து "ஏனுங், இந்த வருசம் கோடியக்கரை எப்பங்?"னு கேப்பாங்க. நான் பைனாகுலர் வெச்சிருக்கறது ஊருக்கே தெரிஞ்சு போச்சு, அதனால வர்ற வினை. எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்றது, மொதல்ல ஞாயித்துக்கிழமை வெடியால நம்ம திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கு வாங்க, அங்க சேத்துல நிக்கற உள்ளான்ல, அதாவது தண்ணி ஓரம் சேத்தைக் குத்தி மேயற பறவைங்கள்ல, நாலஞ்சு வகைய பிரிச்சு சொல்லுங்க, அப்பறம் கடக்கரை போலாம்னு. பாதிப்பேரு அதோட காணாமப் போயிருவாங்க. மீதிப்பேருக்காகத்தான் இதை எழுதறேன்.

கோடியக்கரைய கொறை சொல்ல வரலைங்க. வடக்க இருந்து நேரா தெக்க எறங்கி வர்ற நம்ம கடற்கரை அந்த முனைலதான் சடக்குனு மேக்க திரும்புது, கரையோரமாவே பறந்து வர்ற பறவைங்க எல்லாம் அந்த மூலைல வந்து சேருது, பின்னாடி வேதாரண்யம் சதுப்பும் உப்பளமும் கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் கெடக்குது. 1967ல சரணாலயம் ஆச்சு, 2002ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான நீர்நிலைப் பட்டியல்ல ஏறுச்சு, பறவை ஆராய்ச்சி பண்ணுன சலீம் அலி காலத்துலயே பி.என்.எச்.எஸ்.ங்கற பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்து ஆளுங்க வலை போட்டு காலுக்கு வளையம் மாட்டி விட்ட எடம். வாழ்நாள்ல ஒருக்காவாவது பாக்கோணும். ஆனா முன்னப்பின்ன பறவையே பாக்காதவங்க நேரா அங்க போயி நின்னா என்ன தெரியும்னு நெனைக்கறீங்க, அரை கிலோமீட்டர் தள்ளி சேத்துல பழுப்பு கலர்ல பொடிப்பொடியா ஆயிரக்கணக்குல ஏதோ ஓடிட்டு இருக்கும், வெயில் ஏற ஏற கானல் ஆடும், எல்லாம் ஒரே மாதிரி தெரியும், கடைசில பூநாரைய மட்டும் போட்டோ எடுத்துட்டு திரும்பிருவாங்க. பூநாரைய அடையாளம் கண்டுபுடிக்க ஆளு எதுக்குங்க, அதைத்தான் கொழந்தை கூட சொல்லீருமே.

நம்ம கொங்குல கடல் இல்ல, சரி. ஆனா அங்க வர்ற உள்ளான்ல பல வகை இங்கயும் எறங்குது. நொய்யல் வெள்ளியங்கிரில பொறந்து பேரூர், உக்கடம், சிங்காநல்லூர், சூலூர்னு வர்ற வழியெல்லாம் பழைய காலத்து ஆளுக குளம் வெட்டி வாய்க்கா இழுத்து வெச்சிருக்காங்க, இக்கட்ட திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டுல நல்லாத்துத் தண்ணில நஞ்சராயன் குளம், அக்கட்ட ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு. வெள்ளோடு 2022ல, நஞ்சராயன் 2024ல ராம்சார் பட்டியலுக்குப் போயிருச்சு. இதெல்லாம் வெள்ளாமைக்கு வெட்டுன குளம், பறவைக்குன்னு யாரும் வெட்டல, ஆனா சைபீரியால இருந்து வர்றதுக்கு அதெல்லாம் தெரியுமா, தண்ணியும் சேறும் இருந்தா எறங்கிக்கும். எண்ணிக்கை கம்மிதான், கடற்கரைல ஆயிரம்னா இங்க பத்தோ இருவதோ. அதுதான் நமக்கு வசதி. பத்துப் பறவை முப்பது நாப்பது அடில நிக்கும், அவசரமில்லாம பாத்துட்டே நிக்கலாம்.

எப்பப் போறதுன்னு கேட்டா, நெறைய பேரு மார்கழி தைனு சொல்லுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். ஆடிக்காத்து இன்னும் அடிச்சிட்டு இருக்கும்போதே, பல்லடம் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாலையெல்லாம் முழு வேகத்துல சுத்தற நேரத்துலயே, மொத உள்ளான் வந்து எறங்கீருது. அது எல்லாம் பெருசுங்க, முட்டை வெச்சு குஞ்சு பொரிச்சு முடிச்ச உடனே கெளம்பி வந்தது, இறகெல்லாம் தேஞ்சு வெளிறி பாக்கவே பாவமா இருக்கும். குஞ்சுங்க அப்பறமாத்தான் வரும், புரட்டாசி வாக்குல. அதுல பல வகைல குஞ்சுக்கு துணைக்கு பெருசு யாரும் வர்றதில்ல, அப்பனாத்தா முன்னாடியே கெளம்பிருச்சு, இதுங்க பொறந்து ரெண்டு மூணு மாசத்துல தன்னால வழி கண்டுபுடிச்சு இமயமலைய தாண்டியோ சுத்தியோ நம்ம ஊர் குளத்துக்கு வந்து நிக்குது. இதை நெனைச்சா எனக்கு இன்னிக்கும் புல்லரிக்கும். குஞ்ச கண்டுபுடிக்கறது ஈசி, முதுகு இறகு ஒவ்வொண்ணுக்கும் ஓரத்துல வெளிர் கோடு சுத்தமா போட்டு, இப்பத்தான் தெச்சு அயர்ன் பண்ணுன சட்டையாட்டம் இருக்கும். பெருச பக்கத்துல வெச்சுப் பாத்தா ரெண்டும் வேற வேற பறவையோன்னு தோணும், புதுசா பாக்கறவங்க ரெண்டு வேற வேற வகைன்னு எழுதி வெச்சுக்குவாங்க.

புரட்டாசில தண்ணிய மட்டும் பாக்காதீங்க, கரண்டு கம்பிய பாருங்க. தகைவிலான் வரிசையா ஒக்காந்திருக்கும், நீலவால் பஞ்சுருட்டான் கத்திட்டே மேல போகும், வேலிமுள்ளுல பழுப்புக் கீச்சான் வந்து ஒரு எடத்தைப் புடிச்சிட்டு பங்குனி வரைக்கும் நகராது. மஞ்சள் வாலாட்டி வரப்புல ஓடும். ஐப்பசில வாத்து. மொதல்ல வர்றது பெரும்பாலும் நீலச்சிறகி, அப்பறம் தட்டைவாயன், ஊசிவாலன். இந்த வாத்துலதான் புக்கு பாத்து படிச்சவங்க எல்லாம் முழிப்பாங்க, ஏன்னா புக்குல இருக்கற அழகான ஆண் வாத்து ஐப்பசில இருக்காது. இனப்பெருக்கம் முடிஞ்சதும் ஆணு பழைய இறகை உதுத்துட்டு பொட்டையாட்டமே பழுப்பு வேசம் போட்டுக்கும், பழைய கலர் திரும்ப வர கார்த்திகை மார்கழி, சிலதுக்கு அதுக்கு மேலயும் ஆயிரும். அதனால கலர விட்டுருங்க. அலகு, கழுத்து நீளம், தண்ணில எவ்வளவு முங்கி ஒக்காருது, பறக்கும்போது றெக்கைல என்ன தெரியுது, அதைப் பாருங்க. நீலச்சிறகி ஆணுக்கு எந்த வேசத்துலயும் றெக்கை முன்பக்கம் வெளிர் நீலமாத்தான் இருக்கும், தட்டைவாயனுக்கு கரண்டி அலகு எங்க போனாலும் மறையாது. றெக்கைய எப்ப பாக்கறதுன்னா, சேத்துப் பூனைப்பருந்து ஒண்ணு நாணல் மேல தாழப் பறந்து வரும், ஒட்டுமொத்த வாத்தும் எந்திரிச்சு ஒரு சுத்து சுத்தி எறங்கும், அந்த அரை நிமிசத்துக்காக ரெண்டு மணி நேரம் காத்திருக்கலாம். நாம கல்லு எறிஞ்சு கிளப்பி விடறதெல்லாம் வேண்டாம், அதைப் பண்றவனும் இருக்கான், என்னத்த சொல்ல. அத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்து ஒடம்புல இருந்த கொழுப்பெல்லாம் கரைஞ்சு நிக்கற ஜீவன் அது, சும்மா கிளப்பி விட்டா மேயற நேரமும் போச்சு தெம்பும் போச்சு.

பட்டைத்தலை வாத்து கேக்கறவங்களுக்கு, அது நஞ்சராயனுக்கு வரும், ஆனா இன்னும் குளிர் ஏறோணும், மார்கழிக்கு மேல வாங்க.

எந்தக் குளத்துக்குப் போறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி தண்ணி எவ்வளவு இருக்குன்னு விசாரிங்க, இதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல. குளம் தளும்பி நின்னா பாக்க நெம்ப நல்லா இருக்கும், போட்டோக்கு ஆகும், உள்ளானுக்கு ஆகாது. அதுக்கு வேணுங்கறது கணுக்கால் தண்ணியும் அதை ஒட்டுன ஈரச் சேறும்தான், அதுலதான் புழு பூச்சி. வடகெழக்கு மழை புடிக்கறதுக்கு முன்னாடி தண்ணி கொஞ்சம் வத்தி சேத்து விளிம்பு தெரியும் பாருங்க, அந்த நாளுதான் பொன்னு. நாலு மழை கொட்டி குளம் ரொம்புச்சுன்னா உள்ளான் எல்லாம் பக்கத்துக் குட்டைக்கோ நெல்லு வயலுக்கோ மாறிரும், அப்ப குளம் வாத்துக்கும் கூழைக்கடாவுக்கும். வெள்ளோடு மாதிரி கீழ்பவானி வாய்க்கா பாசனத்தை ஒட்டி இருக்கற குளத்துல மழை இல்லாட்டியும் கசிவுத் தண்ணி வந்துட்டு இருக்கும், அதனால வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சான்னு பேப்பர்ல பாக்கறதும் பறவை பாக்கறதுல ஒரு பகுதிதான். கரைய சுத்தி கல்லு பதிச்சு, நடைபாதை போட்டு, லைட்டு கட்டுன குளத்துல வாக்கிங் நல்லா போலாம், உள்ளான் தேடாதீங்க, அதுக்கு நிக்க சேறே இல்ல.

சரி, சேத்துல என்ன பாக்கறது. நஞ்சராயன்லயோ சூலூர்லயோ ஒரே எடத்துல பக்கம் பக்கமா மூணு பழுப்பு உள்ளான் நிக்கும். ஒண்ணு ஓயாம பின்பக்கத்தை மேலயும் கீழயும் ஆட்டிட்டே நடக்கும், தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல வெள்ளை ஒரு கொக்கி மாதிரி மேல ஏறியிருக்கும், பறந்தா தண்ணிய ஒட்டி றெக்கைய வெடுக்கு வெடுக்குனு அடிச்சிட்டு போகும், அது காமன் சேண்ட்பைப்பர். இன்னொண்ணு முதுகெல்லாம் புள்ளி, கண்ணுக்கு மேல வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டி பின்னாடி வரைக்கும் நீளும், காலு மஞ்ச கலந்த மாதிரி, அது வுட் சேண்ட்பைப்பர், நம்ம குளத்துல எச்சா இருக்கறது இதுதான். மூணாவது கொஞ்சம் கருத்த உருப்படி, தனியா ஓடை ஓரம் நிக்கும், பறந்தா றெக்கை அடிப்பக்கம் கருப்பா, வாலுக்கு மேல வெள்ளையா பளிச்சுனு தெரியும், அது க்ரீன் சேண்ட்பைப்பர். இந்த மூணையும் கண்ணை மூடிட்டு சொல்ற வரைக்கும் நாலாவது பறவைக்கு போகாதீங்க. அப்பறம் பச்சைக்காலி, அதாவது க்ரீன்ஷாங்க், அலகு தடிச்சு நுனி லேசா மேல தூக்கியிருக்கும். அதே சாயல்ல ஒல்லியா, ஊசியாட்டம் நேர் அலகோட நின்னா மார்ஷ் சேண்ட்பைப்பர். கடைசியா கொசு உள்ளான், லிட்டில் ஸ்டின்ட், முப்பது கிராம் கூட தேறாது, கருங்காலு, தையல் மிஷின் ஓட்டற மாதிரி சேத்தைக் குத்திட்டே ஓடும். அதோட சொந்தக்காரன் டெமிங்க்ஸ் ஸ்டின்ட் மெதுவா பதுங்கிப் பதுங்கி மேயும், காலு மஞ்சளா இருக்கும். ஆனா காலு கலரை மட்டும் நம்பி முடிவு பண்ணீராதீங்க, சேறு அப்பி காய்ஞ்சு போச்சுன்னா மஞ்சக் காலும் கருப்பாத்தான் தெரியும், தண்ணில ரெண்டு அடி நடந்து கழுவிட்டு வர்ற வரைக்கும் பொறுங்க.

சத்தத்தையும் சேத்துப் படிங்க. பச்சைக்காலி கிளம்பும்போது "ட்யூ ட்யூ ட்யூ"ன்னு மூணு தடவை ஓங்கிக் கத்தும், வுட் சேண்ட்பைப்பர் மெல்லிசா "சிப்பிப்பிப்"ங்கும். சத்தத்தை வெச்சு பறவை பேரு சொல்ற மெர்லின் ஆப் நல்ல ஆப்தான், நானும் வெச்சிருக்கேன், ஆனா அது கேட்டு பேரு சொன்ன உடனே டிக் அடிச்சிட்டு நகரக்கூடாது, பறவைய கண்ணால பாத்துட்டு ஒத்துக்கோங்க.

சாமான் சங்கதி. பைனாகுலர் 8x42, அதாவது எட்டு மடங்கு பெருசா காட்டறது வாங்குங்க, பத்து மடங்கு காட்டற 10x50 இல்ல. பெருசா காட்டுச்சுன்னா நல்லதுன்னு நெனைப்பாங்க, ஆனா கை நடுக்கத்தையும் சேத்துத்தான் பெருசாக்கும், காத்துல இன்னும் மோசம். கேமராக்கு லட்சம் செலவு பண்ணி பைனாகுலர் இல்லாம வர்றவங்கள பாத்தா எனக்கு வெசனமா இருக்கும், போட்டோ எடுக்கறாங்களே ஒழிய பறவையப் பாக்கறதே இல்ல, ஊட்டுக்குப் போயி கம்ப்யூட்டர்ல தான் பாக்கறாங்க. துணி வந்து, நாம திருப்பூர்காரங்க, பனியனுக்கு பஞ்சமில்ல, அதுக்காக எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்ல கெடைச்ச ஃப்ளோரசன்ட் பச்சைய மாட்டிட்டு கரை மேல வந்து நிக்காதீங்க, காக்கி, சாம்பல், மண்ணு கலர் ஏதாச்சும் போதும். கரை மேல நெட்டுக்கு நிக்கறதுக்கு பதிலா சரிவுல எறங்கி மரத்தை முதுகுக்கு வெச்சு ஒக்காந்துட்டா பத்து நிமிசத்துல பறவை நம்மள மறந்துரும். செருப்பு தடிச்ச அட்டையா இருக்கட்டும், சீமைக்கருவேல முள்ளு ஹவாய் செருப்ப அலேக்கா தொளைச்சுட்டு வரும். வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி புல்லுக்குள்ள கால வெக்காதீங்க, விரியன் கெடக்கும். காலைல கெழக்குக் கரைல நின்னு மேக்க பாருங்க, சாயந்தரம் மாத்திக்கோங்க, எதிர்வெயில்ல எல்லாப் பறவையும் கருப்புதான்.

குளத்துல உண்மையான எக்ஸ்பர்ட்டு யாருன்னா மீன் குத்தகை எடுத்த ஆளுங்கதான், இல்லாட்டி கரைல ஆடு மேய்க்கற ஆத்தாக்கள். நான் போற குளத்துல பரிசல்ல வலை போடற அண்ணன் ஒருத்தர் இருக்காரு, போன சீசன்ல "ஏனுங்ண்ணா, ஊசிவாலன் இன்னும் வரலீங்களா?"ன்னு கேட்டேன். "அமாவாசைக்கே வந்திருச்சுங் தம்பி, வடகோடில நாணலுக்குள்ள கெடக்குது, வெளிய வந்தாத்தான உங்க கொழாய்க்குத் தெரியும்"னு சிரிச்சாரு. அவருக்கு நீர்க்காக்கா மேல தீராத கோவம், மீனெல்லாம் அதே தின்னுருதுன்னு. நான் எதுத்துப் பேசறதில்ல, பொழப்பு அவரோடது. பேச்சுக் குடுங்க, ஒரு டீ வாங்கிக் குடுங்க, எந்தப் பக்கம் சேறு தெரியுது, நாயி தொல்லை எங்க, ராத்திரி யாரு வலை கட்டறாங்கன்னு அத்தனையும் வந்துரும். பாத்ததை தேதி, நேரம், எண்ணிக்கையோட அன்னிக்கே பறவைக் கணக்கு பதியற இ-பேர்ட் வெப்சைட்ல ஏத்திருங்க. "நெறைய வாத்து"ன்னு எழுதுனா யாருக்கும் பிரயோசனமில்ல. கூட்டம் பெருசா இருந்தா பத்து எண்ணுங்க, அந்தப் பத்து எவ்வளவு எடம் புடிக்குதுன்னு பாத்துட்டு அதே அளவு எத்தனை தடவை வருதுன்னு கூட்டுங்க, இங்க இருவதுல பழகிட்டா அங்க ஆயிரத்துல கை வரும்.

இதெல்லாம் ஒரு சீசன் பண்ணுனதுக்கு அப்பறம் கோடியக்கரைக்கு போனீங்கன்னா வேற எடமா தெரியும். ஆயிரம் பறவை நின்னாலும் கண்ணு முதல்ல தெரிஞ்சதைப் புடிக்கும், இது பச்சைக்காலி, இது கொசு உள்ளான்னு ஒதுக்கிட்டே போனா மிச்சம் கொஞ்சம்தான் நிக்கும், அந்த மிச்சத்தை மட்டும் பாருங்க. தெரிஞ்ச பறவைதான் அளவுகோல். கொசு உள்ளானை விட ஒரு சைஸ் பெருசா, அலகு நீளமா கீழ வளைஞ்சு இருந்தா கர்லூ சேண்ட்பைப்பர். மணல்ல அலை வரும்போது ஓடி, அலை போகும்போது பின்னாடியே ஓடி மேயற வெளுத்த உருப்படி சேண்டர்லிங், அதை நம்ம குளத்துல தேட வேண்டாம். கானல்ல உருவம் ஆடுனாலும் "ட்யூ ட்யூ ட்யூ" கேட்டா ஆள் யாருன்னு தெரிஞ்சு போகும். கடல் காக்காய மட்டும் மொத வருசம் விட்டுருங்க, பெரிய வகையெல்லாம் முழு கலருக்கு வர நாலு வருசம் ஆகும், ஒவ்வொரு வயசுக்கும் ஒரு வேசம், தலைவலிதான் மிச்சம்.

போற வழி, கரூர் திருச்சி தஞ்சாவூர்னு போயி வேதாரண்யம், ராத்திரி ஏறுனா காலைல எறங்கலாம். தங்கறது வேதாரண்யத்துலயே வெச்சுக்கோங்க, சாப்பாட்டுக்கு கஷ்டமில்ல. சரணாலயத்துக்குள்ள போக வனத்துறை அனுமதி வேணும், முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. உள்ளான் பாக்கோணும்னா புரட்டாசி கடைசி, ஐப்பசி மொத பாதி, மழை வலுக்கறதுக்கு முன்னாடி. மழை புடிச்சுட்டா சதுப்புக்குப் போற மண்பாதை கொழகொழன்னு ஆயிரும், வண்டி எறங்குனா டிராக்டர்தான் இழுக்கோணும். அந்தப் பக்கம் கடலேத்தம் பெருசா இருக்காது, ஆனா காத்து தண்ணிய தள்ளிட்டே இருக்கும், காத்து திரும்புச்சுன்னா நேத்து சேறா இருந்த எடம் இன்னிக்கு தண்ணியா இருக்கும், பறவையும் எடம் மாறியிருக்கும், அதனால ஒரே எடத்துல ரெண்டு நாளும் நிக்காதீங்க. முனைல காத்து ஆளையே தள்ளும், ட்ரைபாடை உசரமா நிறுத்தாம கால மடக்கி ஒக்காந்து பாருங்க. ஒம்பது மணிக்குள்ள முக்கியமானதை முடிச்சுக்கணும், அதுக்கு மேல கானல். மத்தியானம் காட்டுக்குள்ள வெளிமான் பாக்கலாம், அதுக்கு அடையாளம் சொல்ல நான் வேண்டாம். பூநாரை கூட்டம்தான் வேணும்னா மார்கழி தைல தனியா இன்னொரு தடவை போங்க, ரெண்டையும் ஒரே ட்ரிப்புல முடிக்கப் பாத்தா ரெண்டும் அரைகுறை.

தீவாளி லீவுல மட்டும் கோடியக்கரை வேண்டாம். பஸ்ல நிக்கக்கூட எடம் கெடைக்காது, மழையும் அப்பத்தான் புடிக்கும். அந்த லீவுக்கு வெள்ளோடு போங்க. சுத்தியிருக்கற கிராமத்துக்காரங்க பல வருசமா தீவாளிக்கு வெடி போடறதில்ல, கொழந்தைங்களுக்கு மத்தாப்போட சரி, பறவை பயந்துரும்னு அவங்களா வெச்சுக்கிட்ட பழக்கம். ஊரெல்லாம் வெடிச்சிட்டு இருக்கற அன்னிக்கு வெடியால அங்க போனீங்கன்னா கூழைக்கடாவும் நாரையும் பாட்டுக்கு மேஞ்சுட்டு இருக்கும். ஈரோட்டுல இருந்து பஸ் இருக்குது, தீவாளி அன்னிக்கு மட்டும் கம்மியா ஓடும், டூவீலர் இருந்தா அதுலயே போயிருங்க. பலகாரம் எடுத்துட்டு போங்க, கரையோரம் கடை தெறந்திருக்காது.